எண்ணெய் ஊசியும் பெப்டைடு ஜெல்லும்

(சிங்கவரத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தவர்கள் தலைப்பு எதுவும் தரவில்லை. ஒரு கேள்வியைத்தான் தந்தார்கள். "வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசி போடுறீங்க, அம்மைக்கு ஊசி போடுறீங்க. பறவைக் காய்ச்சல் வந்தா மட்டும் ஏன் சார் கொன்னு குழி தோண்டிப் புதைக்கிறீங்க?" இதுதான் கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு நான் இறங்கிவிடலாம்: கடுமையான பறவைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட நம் நாட்டில் அனுமதி இல்லை. ஆனால் ஏன் இல்லை, அனுமதி கிடைத்தாலும் இன்று கையிலிருக்கும் ஊசி நம் ஊர்க் கோழிக்கும் வாத்துக்கும் பொருந்துமா, பொருந்தாது என்றால் எதை மாற்ற வேண்டும் என்று பார்த்தால் விஷயம் சுவாரசியமாக இருக்கும். இன்று அதைத்தான் பேசப் போகிறேன்.

இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் உறுதியானது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்து நவாப்பூரில். 2008-இல் மேற்கு வங்கத்தில் லட்சக்கணக்கில் கோழிகளைக் கொன்றார்கள். 2014-இலிருந்து கேரளத்தின் குட்டநாட்டு வாத்துகளுக்கு விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கிறது. 2021-இல் வந்தது, 2024-இல் எடத்துவாவிலும் செருதனாவிலும் மறுபடி வந்தது. 2025 தொடக்கத்தில் ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டங்களில் முட்டைப் பண்ணைகளைக் காலி செய்தது. மனிதர்களையும் அது விட்டுவைக்கவில்லை. 2021-இல் அரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவன், 2025-இல் ஆந்திரத்தில் இரண்டு வயதுக் குழந்தை என இரண்டு பிஞ்சு உயிர்கள் போயின.

நோய் உறுதியானதும் அந்த இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிற கோழி, வாத்து, காடை எதுவும் மிஞ்சாது. நோய் கண்டது, காணாதது என்ற பேதம் கிடையாது. இழப்பீடு உண்டு, 2021-இல் கேரளம் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாய் கொடுத்தது. (பக்கத்துத் திருநாதர்குன்றில் கொல்லாமையைச் சொன்ன இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களைப் பாறையில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் குன்றின் பக்கத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்வது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடப்பது இதுதான்.)

அரசு ஏன் தயங்குகிறது? ஊசி போட்ட கோழி சாகாது. ஆனால் அரைகுறை எதிர்ப்பு இருந்தால் வைரஸை ஒளித்துவைத்துக்கொண்டு எச்சத்தில் வெளியே விடும். ரத்தத்தைச் சோதித்தாலும் அது ஊசியால் வந்த எதிர்ப்பா, நோயால் வந்ததா என்று எளிதில் பிரித்துச் சொல்ல முடியாது. இதைச் சாக்காக வைத்து வாங்கும் நாடுகள் முட்டையைத் திருப்பி அனுப்பிவிடும். வளைகுடா நாடுகளுக்கு நாமக்கல்லிலிருந்து போகிற முட்டை நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தப் பயங்களில் பாதி நியாயமானது. மீதிப் பாதி பழக்கத்தால் வந்தது என்பது என் கருத்து.

ஊசி போட்ட நாடுகளைப் பாருங்கள். சீனாவில் எச்7என்9 என்ற பறவைக் காய்ச்சல் வகை 2013-இலிருந்து 1,500-க்கும் அதிகமான மனிதர்களைப் பிடித்தது. 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2017 செப்டம்பரில் நாடு முழுக்கக் கோழிகளுக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள். அதன்பிறகு மனிதர்களிடம் அந்த நோய் கிட்டத்தட்ட மறைந்தே போனது. பிரான்சில் 2021-22 பருவத்தில் 1,300-க்கும் அதிகமான பண்ணைகளில் நோய் வந்தது. 2023 அக்டோபரில் வாத்துகளுக்கு ஊசியைக் கட்டாயமாக்கினார்கள். 2023-24-இல் நோய் வந்த பண்ணைகள் பத்து. நம் நாட்டிலும் கதவு முழுசாக மூடிக்கிடக்கவில்லை. போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனம், முட்டைக்கோழிகளில் முட்டையைக் குறைக்கிற எச்9என்2 என்ற மிதமான வகைக்குத் தடுப்பூசி செய்து, 2022-இல் தனியார் நிறுவனங்களுக்குத் தொழில்நுட்பத்தைக் கொடுத்துவிட்டது. நான் இதுவரை சொன்ன கடுமையான வகையான எச்5என்1-க்குத்தான் தடை நீடிக்கிறது. பண்ணையாளர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இன்றைக்கோ நாளைக்கோ அந்தத் தடை தளரும் என்றே நினைக்கிறேன். தளரும்போது நம் கையில் எந்த ஊசி இருக்கும்? நான் பேச வந்த இடம் இதுதான்.

வெள்ளைக்கழிச்சலுக்கு வருடா வருடம் பிப்ரவரி முகாமில் நாங்கள் போடுகிறோமே, அது உயிருள்ள வைரஸ். வீரியம் குறைத்தது, ஆனால் உயிரோடு இருப்பது. உடம்புக்குள் போய்ப் பெருகி, தன் வரவைத் தானே அறிவித்துக்கொள்ளும். பறவைக் காய்ச்சலில் அந்த வேலை ஆகாது. இன்புளுவென்சா வைரஸ்கள் தங்களுக்குள் மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொள்கிற ரகம். உயிருள்ள எச்5-ஐக் கிராமம் கிராமமாக எடுத்துக்கொண்டு போக எந்த மருத்துவனும் துணிய மாட்டான். ஆகவே வைரஸைக் கருவுள்ள கோழிமுட்டையில் வளர்த்து, பார்மலினில் கொன்று, அந்தப் பிணத்தைத்தான் ஊசியில் ஏற்றுகிறார்கள். அல்லது அதன் மேலே நீட்டிக்கொண்டிருக்கிற ஒரே ஒரு புரதத்தை மட்டும் ஏற்றுகிறார்கள். செத்ததைப் பார்த்து உடம்பு பதறுவதில்லை. ஓரிரு நாளில் கழுவித் தள்ளிவிட்டு மறந்துவிடும். அதைப் பதற வைப்பதற்காகக் கூடச் சேர்க்கிற பொருளுக்குத்தான் அட்ஜுவன்ட் என்று பெயர். துணைமருந்து என்று சொல்லிக்கொள்வோம்.

துணைமருந்தின் கதை தொடங்குவது ஒரு கால்நடை மருத்துவரிடம். எங்கள் ஆள் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் காஸ்டன் ரமோன் என்றொருவர். தொண்டை அடைப்பான் நோய்க்கு மருந்துச் சீரம் எடுப்பதற்காகக் குதிரைகளுக்கு நஞ்சை ஊசி போட்டு வளர்த்தார்கள். ஊசி போட்ட இடத்தில் சில குதிரைகளுக்குச் சீழ்க்கட்டி வந்தது. வேறு யாராக இருந்தாலும் குதிரையைக் கெடுத்துவிட்டோமே என்று தலையில் கைவைத்திருப்பார்கள். ரமோன் கவனித்தது வேறு: கட்டி வந்த குதிரைகளின் ரத்தத்தில்தான் சீரம் வீரியமாக இருந்தது. அப்படியானால் கட்டியை நாமே வரவழைத்தால் என்ன? 1925 வாக்கில் நஞ்சோடு ரொட்டித் தூளைச் சேர்த்துப் பார்த்தார். மரவள்ளி மாவைச் சேர்த்துப் பார்த்தார். ஆமாம், நம் சேலத்தில் ஜவ்வரிசிக்கு அரைக்கிறார்களே, அதே மரவள்ளி. சீரத்தின் வீரியம் ஏறியது. உலகின் முதல் துணைமருந்துகளில் ஒன்று மரவள்ளிக் கிழங்கு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

1926-இல் லண்டனில் கிளென்னி என்பவர் படிகாரத்தைப் பயன்படுத்தினார். இன்றும் குழந்தைகளுக்குப் போடும் பல ஊசிகளில் இருப்பது அலுமினிய உப்புதான். அதன்பின் வந்தவர் பிராயிண்ட். எண்ணெயையும் தண்ணீரையும் கலக்கி, அதில் கொல்லப்பட்ட காசநோய்க் கிருமிகளையும் போட்டார். அப்படியொரு எதிர்ப்பை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அவ்வளவு புண்ணையும் பார்த்ததில்லை. காசநோய்க் கிருமியை நீக்கிவிட்டு எண்ணெயை மட்டும் வைத்துக்கொண்ட வகைதான் கோழித் தடுப்பூசிக்கு வந்தது. இத்தனைக்கும் இவை ஏன் வேலை செய்கின்றன என்று வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை. 1989-இல் ஜேன்வே என்ற அமெரிக்க அறிஞர் இதைத் தங்கள் துறையின் அசிங்கமான சின்ன ரகசியம் என்றே கேலி செய்தார். இப்போது ஓரளவு தெரியும். மருந்தை ஓரிடத்தில் தேக்கி மெல்ல மெல்லக் கசிய விடுவது ஒரு வேலை. இங்கே ஏதோ ஆபத்து என்று உடம்பின் காவல் செல்களை அந்த இடத்துக்கு வரவழைப்பது இன்னொரு வேலை.

சரி, எண்ணெய் ஊசியில் என்ன குறை? வேலை செய்கிறது, மலிவு, பண்ணையாளருக்குப் பழக்கமானது. முட்டைக்கோழிக்கு இதைக் குறை சொல்ல மாட்டேன். கறிக்கோழிக்கு வாருங்கள். எண்ணெய் ஊசி போட்ட கோழியை ஆறு வாரத்துக்குள் அறுக்கக் கூடாது என்பது பொதுவான விதி. நம் கொட்டகையில் கறிக்கோழி விற்பனைக்குப் போவதே ஆறு வாரத்துக்குள். ஊசி போட்ட இடத்தில் தசை கட்டித்துப்போய், வெட்டும்போது மஞ்சளாக ஒரு முடிச்சு தெரியும். கடைக்காரர் அதைத் திருப்பித்தான் அனுப்புவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதைப் பண்ணை வேலைக்குப் போகிற இளைஞர்கள் கவனமாகக் கேளுங்கள். ஆயிரக்கணக்கான கோழிக்கு ஒரே இரவில் ஊசி போடுகிறீர்கள். தானியங்கித் துப்பாக்கி மாதிரியான ஊசி, அரை மில்லி அரை மில்லியாகப் போகிறது. இடது கையில் கோழி துள்ளுகிறது, ஊசி உங்கள் விரலில் ஏறிவிடுகிறது. ஒரு துளி ரத்தம், துடைத்துவிட்டு அடுத்த கோழியைப் பிடிக்கிறீர்கள். அதுதான் தப்பு. அந்த எண்ணெய் விரலின் மூட்டுக்கும் தசைநாண் உறைக்கும் உள்ளே பரவி, வீங்கி, ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். விரலையே எடுக்க வேண்டி வரலாம். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தில் இந்த எச்சரிக்கை பொடி எழுத்தில் இருக்கும். விரலில் எண்ணெய் ஊசி ஏறினால் காத்திருக்காதீர்கள். அந்தக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அறுவை மருத்துவர் அப்போதே பார்க்க வேண்டும்.

எண்ணெய்க்கு மாற்றாக வரக்கூடிய ஒன்றைப் பற்றி இனிச் சொல்கிறேன். நம் உடம்பிலுள்ள புரதங்கள் எல்லாம் அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்தவை. நீளமாகக் கோத்தால் புரதம், குட்டையாகக் கோத்தால் பெப்டைடு. சில பெப்டைடுகளுக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீரில் போட்டு, கொஞ்சம் உப்பையோ அமிலத்தையோ சேர்த்தால் அவை தாமாகவே ஒன்றோடொன்று அடுக்கிக்கொண்டு மெல்லிய இழைகளாகும். இழைகள் பின்னி வலையாகும். வலைக்குள் தண்ணீர் சிக்கிக்கொள்ளும். நுங்குச் சுளையை நினைத்துக்கொள்ளுங்கள்: பெரும்பங்கு தண்ணீர்தான், ஆனாலும் ஒழுகாது. இதைத்தான் பெப்டைடு ஹைட்ரோஜெல் என்கிறார்கள்.

அமெரிக்காவின் கேன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சூசன் சன், ஜிஷு ஷி ஆகியோரின் குழு 2011-இல் இப்படி ஒன்றை வெளியிட்டது. பெயர் எச்9இ. பெயரைப் பார்த்து எச்9 வைரஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. மொத்தம் 19 அமினோ அமிலங்கள். ஒரு பாதி, சிலந்தி நூலை இழுபடச் செய்கிற பகுதியிலிருந்து எடுத்தது. மறு பாதி, மனிதத் தசையில் கால்சியம் போய்வருகிற வாசலாக இருக்கும் ஒரு புரதத்திலிருந்து எடுத்தது. இரண்டையும் ஒட்டி, கால்சியம் கரைசலில் போட்டால் ஜெல்லாகிறது. அதில் 99.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். இந்த ஜெல்லை ஊசிக்குள் வைத்துத் தள்ளினால் நீர்த்து ஓடும். அழுத்தம் நின்றதும் சட்டென்று பழையபடி இறுகிவிடும். மெல்லிய ஊசி வழியே போய்த் தசைக்குள் மறுபடி ஜெல்லாக உட்கார்ந்துகொள்ள வேறென்ன வேண்டும்? எச்1என்1 இன்புளுவென்சா தடுப்பு மருந்தோடு கலந்து சோதித்தபோது, எண்ணெய் சேர்த்த மருந்தைவிட எதிர்ப்பு சுமார் 70 சதவீதம் கூடுதலாக வந்ததாகவும், உடம்புக்குத் தீங்கில்லை என்றும் எழுதினார்கள். 2013-இல் பன்றிகளின் ஒரு வைரஸ் நோய்க்கான உயிருள்ள மருந்தோடும் கலந்து பார்த்தார்கள். அங்கும் பலன் கிடைத்தது.

இதன் அழகு எங்கே இருக்கிறதென்றால், வேலை முடிந்ததும் பெப்டைடு அமினோ அமிலங்களாக உடைந்து உடம்போடு கலந்துவிடும். கனிம எண்ணெய் மாதிரி தசையில் தேங்கிக் கிடக்காது. விரலில் ஏறினாலும் அந்த எண்ணெய்ச் சேதம் இருக்காது. இன்னொரு வசதியும் உண்டு. முழு வைரஸை விட்டுவிட்டு மேற்புரதத்தை மட்டும் ஜெல்லில் வைத்தால், ஊசி போட்ட கோழியின் ரத்தத்தில் அந்த ஒரு புரதத்துக்கான எதிர்ப்பு மட்டுமே இருக்கும். வைரஸின் உட்புரதத்துக்கும் எதிர்ப்பு இருந்தால் அது நோயால் வந்தது. வாங்கும் நாட்டுக்காரர் கேட்கிற கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லிவிடலாம். ஆனால் தனிப் புரதம் எதிர்ப்பைத் தூண்டுவதில் மிகவும் பலவீனமானது. ஆகவே நல்ல துணைமருந்து மிகவும் தேவைப்படுவதும் அதற்குத்தான்.

இத்தனையும் சொன்னதால் நாளைக்கே ஜெல் ஊசி வந்துவிடும் என்று யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடாதீர்கள். கோழி ஒன்றும் பன்றி அல்ல. நமக்கும் பன்றிக்கும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறிகட்டும் முடிச்சுகள் இருக்கின்றன. ஊசி மருந்து வடிந்து போய்ச் சேருமிடம் அது. கோழிக்கு அப்படிப்பட்ட நிணநீர் முடிச்சுகள் கிடையாது. ஆனால் கழிவாய்க்கு மேலே ஒரு சிறு பை இருக்கிறது. கம்போரோ என்ற கோழி நோயில் வீங்கிப்போகுமே, அந்தப் பைதான். அதற்கு என்ன வேலை என்று 1956-இல் புரூஸ் கிளிக் என்பவர் கண்டுபிடித்து எழுதினார். பெரிய இதழ் திருப்பி அனுப்பிவிட, கடைசியில் ஒரு கோழி வளர்ப்பு இதழில்தான் அது வந்தது. மனித மருத்துவத்தில் இன்று பி செல் என்று சொல்கிறார்களே, அந்தப் 'பி' வந்தது கோழியின் இந்தப் பையின் பெயரிலிருந்துதான்.

கோழிக்கும் வாத்துக்குமே ஒத்துவருவதில்லை. வைரஸ் செல்லுக்குள் நுழைந்ததை மோப்பம் பிடிக்கிற ரிக்-ஐ என்ற மரபணு வாத்துக்கு இருக்கிறது, கோழிக்கு இல்லை. 2010-இல் கனடாவில் இதைக் கண்டுபிடித்தார்கள். கோழி கொத்துக்கொத்தாகச் சாகிற நோயில் வாத்து பல நேரம் சும்மா மேய்ந்துகொண்டிருப்பதற்கு இது ஒரு காரணம். ஆகவே பன்றியில் கிடைத்த பலன் கோழியில் கிடைக்கும் என்றோ, கோழியில் கிடைத்தது வாத்தில் கிடைக்கும் என்றோ நம்பி ஊசியைத் தூக்க முடியாது. ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் செய்து பார்த்தாக வேண்டும்.

வாத்து என்றதும் நம் பக்கத்து ஆட்களைச் சொல்லாமல் விட முடியாது. விழுப்புரம், காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கங்களில் நெல் அறுப்பு முடிந்ததும் தாள் நிலத்தில் வாத்துப் பட்டிகள் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஆரணி வாத்து, கீரி வாத்து, சந்நியாசி வாத்து என்று அவர்கள் வகை பிரித்துச் சொல்வார்கள். சிந்திய நெல்லும் நத்தையும் தீர்ந்ததும் அடுத்த ஏரி, அடுத்த மாவட்டம். அதே ஏரியில்தான் வலசை வரும் காட்டு வாத்துகளும் இறங்குகின்றன. நோய் எங்கே கைமாறும் என்று வரைபடம் போட்டால் முதல் புள்ளியை அங்கேதான் வைக்க வேண்டும்.

பிரான்சில் வாத்துக்கு ஊசி இரண்டு தவணை: பத்தாம் நாள் ஒன்று, இருபத்தெட்டாம் நாள் ஒன்று. மூடிய பண்ணையில் அது நடக்கும். நம் ஊர் வாத்துக்காரரிடம் போய், "அண்ணே, பதினெட்டு நாள் கழிச்சு மறுபடி வர்றேன், இதே வாத்தைப் பிடிச்சுக் கொடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு அவர் சித்தூரில் இருப்பார். ராத்திரி மரத்தில் ஏறி அடைகிற நாட்டுக்கோழிக்கும் இதே கதைதான். முகாமுக்கு ஒரு தடவை கொண்டுவருகிற அம்மாவை இரண்டாம் தடவை வரவைக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். ஜெல்லில் எனக்குள்ள ஈடுபாடு இந்த இடத்தில்தான் இருக்கிறது. பெரிய பண்ணைக்கு எண்ணெயே போதும், அவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். மருந்தை வாரக்கணக்கில் தேக்கி வைத்து, ஒரே ஊசியில் இரண்டு ஊசியின் வேலையைச் செய்கிற ஜெல் கிடைத்தால், அது முதலில் வர வேண்டியது பட்டி வாத்துக்கும் கொல்லைக் கோழிக்கும்.

விலை என்ன ஆகும் என்று முன்வரிசையில் ஒருவர் சைகை காட்டுகிறார். நல்லது. பெப்டைடைச் செயற்கையாகக் கோக்கிற முறையை 1963-இல் மெரிபீல்டு கண்டுபிடித்தார்; 1984-இல் நோபல் வாங்கினார். மனித மருந்துக்கான தரத்தில் செய்தால் இன்றும் அது விலை கூடிய வேலைதான். ஆனால் எவ்வளவு தேவைப்படும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை மில்லி ஊசியில் 99.5 சதவீதம் தண்ணீர் என்றால், மீதி அதிகபட்சம் இரண்டரை மில்லிகிராம். ஒரு லட்சம் கோழிக்குக் கால் கிலோ பெப்டைடு. கால் கிலோவைப் பெரிய அளவில், கால்நடைத் தரத்தில், முடிந்தால் நொதிப்பு முறையில் நுண்ணுயிரிகளிடம் தயாரித்து வாங்குவது முடியாத காரியம் அல்ல. இருந்தாலும் ஊசி ஒன்றுக்கு ஒன்றிரண்டு ரூபாய்க்கு மேல் கூடினால் கறிக்கோழிக்காரர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். இந்த விஷயத்தில் விஞ்ஞானிகளைவிட வியாபாரிகளைத்தான் நான் நம்புகிறேன்.

யார் செய்து பார்ப்பது? எச்5 வைரஸைத் தொட்டுச் சோதிக்க வேண்டுமானால் போபாலில் இருப்பது போன்ற உயர்பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். ஆனால் முதல் படிக்கு அது தேவையே இல்லை. சேத்துப்பட்டு, ஆரணி, ஆற்காடு தாண்டிப் போனால் ராணிப்பேட்டை. 1932-இலிருந்து அங்கே கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது. வெள்ளைக்கழிச்சல் வைரஸ் அவர்களுக்குக் கைப்பழக்கம். அந்த வைரஸும் இன்புளுவென்சா மாதிரியே ரத்தச் சிவப்பணுக்களைத் திரள வைக்கிற வகை. ஆகவே கோழி ரத்தமும் ஒரு பிளாஸ்டிக் தட்டும் இருந்தால் எதிர்ப்புச் சக்தியை அளந்துவிடலாம். எங்கள் கல்லூரி மாணவர்கள் இரண்டாம் நாளே கற்றுக்கொள்கிற சோதனை அது. கொன்ற வெள்ளைக்கழிச்சல் வைரஸை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கூட்டம் நாட்டுக்கோழிக்கு எண்ணெயில், ஒரு கூட்டத்துக்குப் படிகாரத்தில், ஒரு கூட்டத்துக்குப் பெப்டைடு ஜெல்லில், ஒரு கூட்டத்துக்கு எதுவும் சேர்க்காமல், எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு தடவை மட்டும் போட வேண்டும். வாரா வாரம் இறக்கை நரம்பில் ரத்தம் எடுத்து ஆறு மாதம் அளக்க வேண்டும். பக்கத்திலேயே வாத்துக் கூட்டம் ஒன்றையும் வைத்து அதே வேலையைச் செய்ய வேண்டும். ஜெல் போட்ட கோழியில் எதிர்ப்பு ஆறு மாதம் நின்றால் எச்5 புரதத்தை எடுத்துக்கொண்டு போபாலுக்குப் போகலாம். நிற்கவில்லையென்றால் அந்தப் பெப்டைடை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடலாம். அதற்கு ஆகிற செலவு, ஒரு கிராமத்துக் கோழிகளைக் கொன்று புதைத்து இழப்பீடு கொடுக்கிற செலவைவிடக் கூடுதலாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதுவரைக்கும் ஒரு வேண்டுகோள். கொட்டகையிலோ ஏரிக்கரையிலோ கோழி, வாத்து, காக்கை எதுவாவது நாலைந்து சேர்ந்தாற்போல் செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். மீதியிருப்பதை அவசர அவசரமாக வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஓட்டிவிடாதீர்கள். கால்நடை மருந்தகத்துக்கு ஒரு போன் போடுங்கள். இனி கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.